பழக்க வாசனையும் அது நீங்கும் வாயிலும்

நன்றென்று தெளிந்ததனைச் செய்யாதொழிதலும், தீதென்று தெளிந்ததனை விடாது செய்தலும் உலகத்தில் நாடோறும் காணப்படுவனவாம். அறியாது ஒருவன் தவறு செய்யின் அதற்குக் காரணம் கூறுதல் எளிது. அறியாமை நீங்கத் தவறும் நீங்கும் என்று அமைந்துவிடலாம். அறிந்தே செய்வானது தவற்றிற்குக் காரணங் கூறுதல் அத்துணை எளிதன்று. தீச் சுடும் என்று அறிந்தவன் அதனுட் கையிடுவதில்லை. கள் கெடுக்கும் என்று அறிந்தவன் மட்டும் மாலையானதும் அதனை நாடிச் செல்வது என்னை? இரண்டும் அறிவேயன்றோ? ஓரறிவு கையைத் தடுக்கவும் மற்றோரறிவு காலைத் தடுக்கமாட்டாது நிற்பது எவ்வாறு?

இவ்வினா சைவநூல் பயில்வோர்க்கு வெறுஞ் சொல்லாராய்ச்சி அன்று. பாடங் கேட்டும், தீக்கை பெற்றும், திருநீறும் கண்டிகையும் பூண்டும், பழைய வழியிலேயே திரும்பிச் செல்லும் கால்களை நம்மிடத்தும் நம்மைச் சார்ந்தாரிடத்தும் கண்டு வருந்தாதார் நம்முள் யாவர்? அவ்வருத்தத்தால் நம்மையே வெறுத்தலும் உண்டு. பிறரை வெறுத்துத் தள்ளிவிடுதலும் உண்டு. அவ்விரண்டும் பொருந்துமா என்பதனை நம் ஆசிரியர் திருவாக்கின் கருத்துக்கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழக்கமாவது யாது?

ஒரு செயல் ஓரிடத்தும் ஒரு காலத்தும் ஒரு சார்பிலும் பலகாற் செய்யப்பட்டு, பின்னர் அவ்விடமும் காலமும் சார்பும் வந்து பொருந்தியவழி, நினைப்பை வேண்டாது தானே நிகழுமாயின் அது பழக்கம் எனப்படும். இதன்கண் மூன்று கூறுகள் உள்ளன. பலகாற் செய்தல் ஒன்று. அச்செயலை எழுப்பும் குறிப்பு ஒன்று. நினைவின் முயற்சி வேண்டாமை ஒன்று. வீடு மாறிய ஒருவர் வேறொன்றைச் சிந்தித்துக்கொண்டே நடப்பாராயின் அவர் கால்கள் பழைய வீட்டு வாயிலிற் கொண்டுபோய் நிறுத்துதலைக் கண்டிருக்கின்றோம். வீடு மாறிற்று என்பதனை அவர் அறியாதவரல்லர். அறிவு அவரிடத்தில் இருக்க, தெரு அவர் காலை எழுப்பிற்று என்க.

இவ்வாறு செயல் ஓய்ந்த பின்னும் உயிரின்கண் தங்கிநிற்கும் பற்றினையே நம் நூல்கள் வாசனை என்று வழங்குகின்றன. பெருங்காயம் வைத்த பாண்டம் கழுவியபின்னும் மணக்கும். உள்ளே பெருங்காயம் இல்லை; ஆயினும் அதன் ஆட்சி இருக்கின்றது. இவ்வுவமையைச் சைவ நன்மக்கள் யாவரும் கேட்டிருப்பர். அதன் ஆழத்தினை எம்முடைய எளிய அநுபவம் ஒன்றினால் உணர்ந்தோம். அதனை ஈண்டுக் கூறுதல் குற்றமாகாது என்று கருதுகின்றோம்.

இருபதாண்டுகட்கு மேலாக யாம் மூக்குப்பொடி இடும் வழக்கம் உடையேமாயிருந்தேம். பாடஞ் சொல்லும்போது சிறிதும், அச்சுப்படி திருத்தும்போது பெரிதும் அது வேண்டியிருந்தது. மருத்துவர் அதனை விடும்படி வற்புறுத்தவே, ஒரு மார்கழித் திருவாதிரையன்று விட்டோம். அடுத்த நாளே சோழநாட்டுத் தலயாத்திரை புறப்பட்டோம். இரண்டு திங்கள் வரையில் அந்நினைவே எமக்கு எழவில்லை. 'இத்துணை எளிதாயின் இருபதாண்டு வீணே அடிமைப்பட்டோமே' என்று எம்மை யாமே மெச்சிக்கொண்டோம். ஊர் திரும்பி, பழைய சாய்மேசையின்முன் அமர்ந்து, அச்சுப்படி ஒன்றனைப் பிரித்தோம். அரை நாழிகை செல்லுமுன் இடக்கை தானே மேசையின் ஓரத்தைத் தடவியது. அங்கே பொடிமட்டை இல்லை. வெறுமையைக் கை தொட்ட பின்னரே கை சென்றதனை யாம் அறிந்தோம். மூன்றாம் நாள் அவ்விடத்திற் பொடிமட்டை இருந்தது. அதனை அங்கு வைத்தவர் யாவர் என்று வினவுவார்க்கு, யாமே என்பதன்றி வேறு விடை எம்மிடம் இல்லை.

சிறு பொருளே எனினும் இதன்கண் ஓர் உண்மை விளங்கிற்று. யாத்திரையின்போது எம்மைக் காத்தது எம் மனவுறுதி என்று எண்ணியிருந்தோம். உண்மையிற் காத்தது மேசை அங்கில்லாமையே.

மெய்கண்டார் காட்டும் இடம்

மெய்கண்ட தேவர் அருளிய சிவஞானபோதம் பன்னிரண்டு சூத்திரங்களால் அமைந்தது என்பதும், அவற்றின் வைப்பு முறையே ஒரு பெரும் பொருளை உணர்த்துவது என்பதும் யாவரும் அறிந்தனவே. எட்டாஞ் சூத்திரத்தில், ஐம்புலனாகிய வேடருள் வளர்ந்து தன்னை மறந்த அரசகுமரனுக்கு அவன் யாவன் என்பதனைக் குருவாய் வந்து உணர்த்துதல் கூறப்பட்டது. உணர்த்தப்பட்டான், உணர்ந்தான், இனி என்ன குறை? அவ்வளவில் நூல் முடிந்திருக்கலாமன்றோ? முடியவில்லை. ஒன்பதாஞ் சூத்திரத்தின் மூன்றாம் அதிகரணத்தில், ஞானம் விளங்கிய பின்னும் திருவைந்தெழுத்தை விதிப்படி ஓதவேண்டும் என்று ஆசிரியர் விதிக்கின்றார். விளங்கியவனுக்கு ஓதுதல் எற்றுக்கு எனின், அதற்கு அவர் காட்டும் உவமையே வேம்பு தின்ற புழு. கைப்பிலே வளர்ந்த புழு இனியதனைக் கண்ட பின்னும் தான் முன் நோக்கியதனையே திரும்ப நோக்கும். அவ்வாறே உயிரும் பண்டு நோக்கியதனையே நோக்கிநிற்கும் ஆதலின், அதனை நீக்குதற்பொருட்டு ஓதுதல் வேண்டும் என்பது அவர் கருத்து.

இங்கே ஒன்றனைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். ஆசிரியர் அப்புழுவை இகழவில்லை. அறிந்தும் வேம்பை நோக்குகின்றதே என்று சினக்கவுமில்லை. அது புழுவின் நிலை என்று கண்டு, அந்நிலைக்கு வேண்டிய மருந்தை வகுத்தார். எனவே, அறிந்தபின்னும் பழைய வழியில் இழுக்கப்படுதல் அறிவு பொய்யாயிற்று என்பதற்குச் சான்றாகாது. அறிவு வேறு, பயிற்சி வேறு. முன்னது ஒரு கணத்தில் விளங்கலாம், பின்னது பல நாளில் முதிரவேண்டும் என்பதே அவ்வைப்பு முறையாற் பெறப்படும். அரசகுமரன் தன்னை அரசகுமரன் என்று அறிந்தது ஒரு பொழுதில்; வேடர் நடையை அவன் கால்கள் மறப்பது ஒரு பொழுதில் அன்று.

அருணந்தி சிவாசாரியாரும் சித்தியாரிற் பாசி படர்ந்த குளத்தினை உவமை காட்டினார். கல் விழும்போது பாசி விலகும். கல் ஆழ்ந்ததும் மீண்டும் கூடும். திருவடியை உணரும்பொழுது மலங்கள் அகலுதலும், உணர்வு தளரும்பொழுது அவை வந்து அணுகுதலும் அத்தகையன. பாசி கூடுகின்றதே என்று கல்லெறிவதனை நிறுத்துவார்க்குக் குளத்து நீர் ஒருநாளும் தெளிவாய்க் கிடைக்கமாட்டாது.

இவ்விழுக்கு யாண்டிருந்து வந்தது எனின், உயிரின் இயல்பிலிருந்தே என்க. சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் தன்மை என்பது சித்தாந்தத்தின் அடிப்படை. கண் ஒளியோடு கூடி ஒளியாயும் இருளோடு கூடி இருளாயும் நிற்கும். தனித்து ஒன்றாய் நிற்கமாட்டாது. இதனால் இரண்டு பெறப்படும். தீய சார்பு உயிரைத் தன் வண்ணமாக்கிவிடும் என்பது ஒன்று. அவ்வுயிர் சார்பு இன்றி வெறிதே நிற்கமாட்டாமையின், தீயதனை விடு என்று சொல்லி விட்டுவிடுதல் போதாது. பற்றுதற்கு நல்லதொன்று கையில் தரப்படல் வேண்டும் என்பது மற்றொன்று. திருவள்ளுவனாரும் துறவு கூறிய அதிகாரத்தின் இறுதியில், பற்று விடுதற்குப் பற்றற்றானைப் பற்றுதலையே வாயிலாகக் கூறினமை இக்கருத்தோடு ஒத்தல் காண்க.

இக்கால ஆராய்ச்சியார் கண்டன

மேனாட்டு உளநூலார் இப்பொருளைப் பற்றி ஆராய்ந்து கண்டன சில நம் நூற்பொருளோடு ஒப்புநோக்கற்பாலன. அமெரிக்க நாட்டு வில்லியம் ஜேம்ஸ் என்பார் 1890-ஆம் ஆண்டில் வெளியிட்ட பெருநூலிற் பழக்கத்திற்கென ஓர் இயல் வகுத்தார். புதிய பழக்கத்தைத் தொடங்குவோன் உறுதியோடு தொடங்கல் வேண்டும், அது வேரூன்றும் வரையில் ஒருமுறையும் வழுவலாகாது, செய்தற்கு வாய்ப்பு நேர்ந்த முதற்பொழுதிலேயே செய்தல் வேண்டும் என்பன அவர் கூறிய நெறிகள்.

ஒருமுறையும் வழுவலாகாது என்னும் அக்கடுமையைப் பிற்காலத்து ஆராய்ச்சி ஒன்று தளர்த்திற்று. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிற் பிலிப்பா லாலி என்பாரும் அவர் துணைவரும் 96 பேரைக்கொண்டு செய்து 2010-இல் வெளியிட்டது அது. ஒவ்வொருவரும் உணவு, பருகுநீர், உடற்பயிற்சி என்பன பற்றிய ஒரு சிறு செயலைத் தேர்ந்து, நாடோறும் ஒரே குறிப்பை ஒட்டி 84 நாள் செய்துவந்தனர். அச்செயல் நினைவின் முயற்சி இன்றித் தானே நிகழும் நிலையின் எல்லையை நெருங்குதற்கு நடுவளவாக 66 நாள் ஆயிற்று. ஆயினும் ஆளுக்கு ஆள் வேறுபாடு மிகுதி. ஒருவர்க்கு 18 நாள் போதியது, மற்றொருவர்க்கு 254 நாள் வேண்டும் என்று கணக்கிடப்பட்டது. இடையே ஒருநாள் தவறியது முதிர்ச்சியைப் பெரிதும் குலைக்கவில்லை என்பதும் அவ்வாராய்ச்சியிற் கண்டது. ஒரு மண்டலம் விரதங்காத்தும் மனம் படியவில்லையே என்று சோர்வார் இதனைக் கேட்டு ஆறுதல் அடைவாராக. மண்டலம் தொடக்கம், முடிவு அவரவர் பக்குவத்தைப் பொறுத்தது.

மாசாச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஆன் கிரேபியல் அம்மையாரும் அவர் குழுவினரும் எலிகளைக்கொண்டு செய்த ஆராய்ச்சி இன்னும் நுட்பமுடையது. வழி பிரியும் ஒரு சிறு கூடத்தில், ஓசைக் குறிப்பைக் கேட்டு உரிய பக்கம் திரும்பினால் உணவு கிடைக்கும் என்று எலிகள் பழக்கப்பட்டன. பழக்கம் முதிர முதிர, மூளையின் ஆழத்துள்ள ஒரு பகுதியின் நரம்பணுக்கள் ஓட்டத்தின் தொடக்கத்தும் முடிவினும் மிகுதியாக எழுந்து, இடையில் அடங்கி நின்றன. பின்னர் உணவு நிறுத்தப்பட்டது. அவ்வெழுச்சி முறையும் மங்கிற்று. அழிந்ததுபோலும் என்று எண்ணுதற்கு இடமிருந்தது. மீண்டும் உணவு வைக்கப்பட்டதும் பழைய முறை விரைந்து திரும்பிற்று. 2005-இல் வெளியான இச்செய்தியைப் படித்தபோது வேம்பின் புழுவும் பெருங்காயப் பாண்டமும் எம் நினைவிற்கு வந்தன. மூளை உயிருக்குக் கருவியேயன்றி உயிர் ஆகாது என்பது நம் கொள்கை. கருவியிற் படிந்த வடுவை அவர்கள் கருவியளவில் அளந்து காட்டினர். அதனால் நம் கொள்கைக்கு இழுக்கு யாதும் இல்லை.

சார்பின் வலிமைக்கு மற்றுமொரு சான்று உண்டு. வியத்நாம் போருக்குச் சென்ற அமெரிக்கப் படைவீரருட் பலர் அங்கே ஹெராயின் என்னும் கொடிய போதைப்பொருளுக்கு ஆட்பட்டனர். 1971-இல் நாடு திரும்பியோரை லீ ராபின்ஸ் அம்மையார் பின்தொடர்ந்து ஆராய்ந்தார். ஏறத்தாழ ஐவரில் ஒருவர் அங்கே அதற்கு அடிமைப்பட்டிருந்தனர். அவ்வடிமைப்பட்டோருள்ளும் நாடு திரும்பிய முதலாண்டில் மீண்டும் அடிமையானோர் நூற்றுக்கு ஐவர் அளவினரே. தம் ஊரிலேயே அதற்கு அடிமையாகி, மருத்துவம் பெற்று, அவ்வூருக்கே திரும்புவோருட் பெரும்பாலோர் மீண்டும் வீழ்தலைக் கண்டிருந்த அறிஞர் இதனை முதலில் நம்பவும் தயங்கினர். காரணம் பலவாயினும், போர்க்களமும் அதன் அச்சமும் அங்குள்ள தோழமையும் பொருளின் எளிமையும் ஒருங்கே நீங்கியமை அவற்றுள் முதன்மையானது. மேசையை விட்டு யாத்திரை சென்ற எம் சிறு நிகழ்ச்சிக்கும் இதற்கும் அளவில் வேற்றுமையேயன்றி இயல்பில் வேற்றுமை இன்று.

யாம் செய்த பிழை

இதுகாறும் கூறியவற்றை யாம் நூலளவில் அறிந்திருந்தும், ஒருவர்திறத்து அதனை மறந்து பிழைசெய்தோம். எம்மிடம் சிவஞானபோதச் சிற்றுரை பாடங்கேட்டுவந்த அன்பர் ஒருவர் இளமைதொட்டு மதுப்பழக்கம் உடையவர். சமயதீக்கை பெற்ற நாள்முதல் அதனை ஒழித்திருந்தார். ஏழு திங்கள் கழிந்தன. ஒருநாட் காலையிற் பாடத்திற்கு முன்னரே வந்து, முதல்நாள் மாலை தாம் வழுவியதனைத் தாமே கூறினார். யாம், 'அறியாதவன் செய்யிற் பொறுக்கலாம். இத்துணை அறிந்தும் இது செய்தீரே' என்றோம். அவர் மறுமொழி ஒன்றுங் கூறாது கும்பிட்டு எழுந்துசென்றார். பின்னர்ப் பாடத்திற்கு வரவில்லை. யாமும் தேடவில்லை. அவ்வாரத்துப் பாடம் ஒன்பதாஞ் சூத்திரத்து மூன்றாம் அதிகரணம் என்பதனை இன்று நினைக்கினும் எமக்கு நாணம் உண்டாகின்றது.

எம்மூரிற் செக்கெண்ணெய் வாணிகஞ் செய்யும் பெரியவர் ஒருவர் உழவாரத் திருக்கூட்டம் நடத்துபவர். நூற்பயிற்சி மிகுதியும் இல்லாதவர். அவர் அவ்வன்பரது பணிமனை வாயிலில் நாடோறும் மாலை ஆறரை மணிக்குப் போய் நின்று, 'நந்தவனத்துக்கு நீர் விட ஆள் போதவில்லை, வாரும் ஐயா' என்று அழைத்துச்செல்லத் தொடங்கினார். அறிவுரை ஒன்றுங் கூறினாரல்லர். இடையில் இருமுறை அன்பர் வழுவியதுண்டு. மறுநாள் அதே வேளையிற் பெரியவர் அதே வாயிலில் நின்றார். முதல்நாளைப்பற்றி ஒருசொல்லும் எடுத்திலர். ஈராண்டு இவ்வாறு கழிந்தது. இப்பொழுது பெரியவர் வாராத நாளிலும் அன்பரே முன்சென்று பிறரை அழைக்கின்றார்.

அவ்வேளையைத் தேர்ந்தது ஏன் என்று பெரியவரை யாம் வினவியபோது, 'ஆறரை மணிக்குத்தான் அவர் கால் அந்தக் கடைப்பக்கம் திரும்பும். அந்த நேரத்துக்குக் கையிலே வாளியைக் கொடுத்துவிட்டேன், வேறொன்றும் எனக்குத் தெரியாது' என்றார். நூல் ஓதிய எமக்குத் தோன்றாத பொருள் அவர்க்குத் தோன்றிற்று. குறிப்பு எழும் வேளையை அறிந்தார். அவ்வேளைக்கு வேறொரு தொழிலைத் தந்தார். அத்தொழிலை அடியார் கூட்டத்தினிடையே வைத்தார். வழுவியபோது வாயிலை அடைக்கவில்லை. பன்னிரண்டாஞ் சூத்திரம் மலங் கழுவியபின்னும் அன்பரொடு கூடுதலையும், திருவேடத்தையும் திருக்கோயிலையும் வழிபடுதலையும் விதித்தது இதன்பொருட்டேயன்றோ? சீவன்முத்தருக்கே கூட்டுறவு வேண்டுமாயின், நேற்று மதுவை விட்டவர்க்கு அது வேண்டாவென்று யாம் எண்ணியது எவ்வளவு பேதைமை!

திலகவதியார் செய்ததும் இதுவே. சூலைநோயோடு திருவதிகைக்கு வந்த தம்பியார் சமண் நூல்களிற் பெரும்புலமை எய்தித் தருமசேனர் என்று பெயர்பெற்றிருந்தவர். அவரோடு அம்மையார் வாதஞ் செய்யவில்லை. கடந்த காலத்தைச் சுட்டி இடித்துரைக்கவுமில்லை. திருநீறளித்து, திருவலகும் தோண்டியும் மெழுக்கும் கொண்டு தாம் நாடோறும் செய்யும் திருப்பணிக்குப் புறப்படும் வைகறையில் அவரையும் உடன்கொண்டு திருக்கோயில் புக்கார் என்று பெரியபுராணம் கூறும். பின்னாளில் அத்தம்பியார் திருக்கையில் நாம் காண்பது உழவாரப் படை. தமக்கையார் அலகேந்திய காட்சியோடு அதனைச் சேர்த்து நினைக்குந்தோறும் எம் உள்ளம் உருகுகின்றது.

ஐயம் அகற்றல்

இனி இதன்கண் எழும் ஐயங்கள் சில உள. பழக்கம் வினையின் வழியது, மலத்தின் வழியது என்றால், அதனை மாற்றுதல் நம்மால் ஆவதோ என்பது ஒன்று. முன்வினை இன்பத் துன்பங்களைக் கொணர்ந்து ஊட்டும். ஊட்டும்வழி நாம் விருப்பு வெறுப்புக்களாற் புதிதாகச் செய்துகொள்வது ஆகாமியம். அது செய்யப்பட்டு முடிந்ததன்று, செய்யப்படுவது. ஆதலின் இன்று எடுத்துவைக்கும் அடி திறந்தே கிடக்கின்றது. அவ்வடியை எடுத்துவைக்கும் அறிவிச்சை செயல்களும் திருவருளை இன்றி நிகழா. முயற்சி வேறு அருள் வேறு எனப் பிரித்து, ஒன்று வரும்வரையில் மற்றொன்று காத்திருக்கும் என்று கருதுதல் சோம்பலுக்குச் சித்தாந்தப் போர்வை போர்த்துவதாய் முடியும்.

நல்ல செயலும் பழக்கமாயின் உணர்வற்ற பொறிபோல் ஆகிவிடாதோ, அதனாற் பயன் என்னை என்பது மற்றொன்று. இது எளிதில் ஒதுக்கத்தக்க ஐயமன்று. வாய் ஐந்தெழுத்தை எண்ணக் கண் வாயிலிற் செருப்பை எண்ணுவதனை நாம் அறியாதவரல்லேம். ஆயினும் அக்குற்றம் பழக்கத்தின் குற்றமாகாது. வீணை பயில்வோன் விரல் பழகாதவரையில் அவன் நினைவெல்லாம் விரலிலேயே இருக்கும். விரல் பழகியபின்னரே அவன் உள்ளம் பண்ணிற் செல்லும். விரல் பழகியதனாற் கிடைத்த ஓய்வை அவன் பண்ணிற் செலுத்தாது தெருவிற் செலுத்துவானாயின் குறை விரலினது ஆகுமோ? சரியை கிரியைகளிற் கைபழகுதல் உள்ளத்திற்கு இடம் ஒழித்துத் தருகின்றது. அவ்விடத்தை அன்பினால் நிரப்புதல் நம் கடன். வேலியே விளைவாகாது, வேலியின்றி விளைந்ததனைக் காத்தலும் இயலாது.

வழுவினவனை இகழாது ஏற்றால் வழுவுதற்கு அஞ்சாமை பெருகாதோ என்பது மூன்றாவது. வழுவை வழுவன்று என்று கூறுதல் வேறு. வழுவினானுக்கு வாயில் திறந்துவைத்தல் வேறு. அப்பெரியவர் மதுவை ஒருநாளும் நன்றென்று கூறவில்லை. வாளியோடு வருதலை மட்டும் நிறுத்தவில்லை. வழுவியவனைச் சார்பினின்றும் நீக்குவோமாயின், அவனை ஏற்றுக்கொள்ளும் சார்பு உலகில் ஒன்றே எஞ்சியிருக்கும். அது எதுவென்று சொல்லவேண்டுவதில்லை.

செய்யத்தக்கன

இவ்வாராய்ச்சியாற் பெறப்படுவனவற்றைத் தொகுத்துக் கூறுவோம். பழக்கத்தை மாற்ற விரும்புவோர் முதற்கண் அச்செயலை வெறுப்பதில் பொழுதைக் கழியாது, அதனை எழுப்பும் குறிப்பு யாது என்று காணல் வேண்டும். எந்த வேளை, எந்த இடம், எவர் கூட்டம், எந்தத் துயரம் என ஆராய்க. இரண்டாவதாக, அக்குறிப்பை அகற்றக்கூடுமாயின் அகற்றுக. கூடாதாயின் அக்குறிப்பிற்கு வேறொரு செயலைப் பிணைக்க. மூன்றாவதாக, அச்செயல் சிறியதாயினும் நாடோறும் ஒரே வேளையில் நிகழ்க. ஒருநாள் திருமுறை முழுதும் ஓதி ஒன்பது நாள் ஓய்வதினும், நாடோறும் ஒரு பதிகம் ஓதுதல் வாசனையை மாற்ற வல்லது. நான்காவதாக, தனித்து முயலற்க, கூட்டத்தோடு முயல்க. சிற்றினம் சேராமை கூறிய வள்ளுவனார், நிலத்தின் இயல்பால் நீர் திரிதலைக் காட்டி, மனிதனது அறிவும் அவன் இனத்தின் இயல்பினதாம் என்றமை நினைக்கத்தக்கது. ஐந்தாவதாக, வழுவியநாளின் மறுநாள் அதே வேளையில் அதே இடத்திற்குத் திரும்பி வருக. திரும்பி வருதலும் ஒரு பழக்கமே. மற்றெல்லாவற்றினும் அதுவே முதலிற் கைவரவேண்டுவது.

எம்மைக் கேட்பின், பொடிமட்டை இருந்த இடத்தில் இப்பொழுது ஏலமும் கிராம்பும் இட்ட சிறு கிண்ணம் ஒன்று இருக்கின்றது. அச்சுப்படி திருத்தும் வேலையை மாலையினின்றும் மாற்றி, காலை அநுட்டானம் முடிந்தபின் வேறோர் அறையில் வைத்துக்கொண்டோம். கை அமைதியுற ஏறக்குறைய அரையாண்டு ஆயிற்று. இன்றும் அருகில் ஒருவர் பொடி இடுவாராயின் மூக்கு அதனை அறிகின்றது. பாண்டம் மணம் முற்றும் விட்டதென்று கூறமாட்டேம்.

அவ்வன்பரையும் யாமே தேடிச் சென்று, கூறிய கடுஞ்சொல்லுக்கு வருந்திப் பாடத்திற்கு அழைத்தோம். நந்தவனத்திற்கு நீர்விடும் வேளையும் பாடவேளையும் ஒன்றாயிருந்தமையின் அவர் தயங்கினார். பாடத்தை நீர்விட்ட பின்னர் வைத்துக்கொண்டோம். மடங்களிலும் பாடசாலைகளிலும் நம்பால் வருவோருள் ஒருவர் வழுவித் தலைகவிழ்ந்து நிற்குங்கால், அவர் எவ்வளவு அறிந்தவர் என்று நாம் அளவிடத் தொடங்குமுன், நாளை அவர் எந்த வேளையில், யாருடன், எங்கே இருப்பார் என்று கேட்போமாக. வேம்பிலே வளர்ந்தமை நம்மெல்லார்க்கும் பொது. கரும்பின் பக்கம் மீள மீளக் கொண்டுவிடும் கை ஒன்று நமக்கு வாய்த்ததுபோலப் பிறர்க்கும் வாய்க்கச் செய்தல், அத்திருவருட்கு நாம் செய்யுங் கைம்மாறாகாவிடினும், நம்மால் இயன்ற பணியாகும்.

சிவம்.